அருளும் அட்டவணையும்

ஒரு மொழியில் பிறந்த நூலை இன்னொரு மொழிக்குக் கொண்டுவருபவன் சொற்களை மட்டும் சுமந்து வந்தால் போதாது என்பதை நாம் அறிவோம். எதைக் கைவிட்டாலும் நூல் பிழைக்கும், எதைக் கைவிட்டால் நூல் செத்துவிடும் என்னும் தெளிவு அவனுக்கு வேண்டும். இலக்கிய உலகில் நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் இச்சிக்கல், இலக்கியம் என்று ஒப்புக்கொள்ளப் பலர் தயங்கும் ஒரு துறையிலும் இருக்கின்றது. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, தாளும் எழுதுகோலும் பகடையும் கொண்டு, ஆளுக்கொரு கதைமாந்தராக மாறிக் கற்பனை உலகொன்றில் நடமாடும் ஆட்டத்தையே குறிப்பிடுகின்றேன். அவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாய் எனத்தக்கது 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக அது வெளிவந்தது. அதன் பின்னர் எத்தனையோ பதிப்புகள். ஒவ்வொரு பதிப்பும் முந்திய விதிகளைத் திருத்தியது; சிலவற்றை அடியோடு மாற்றியது. பழைய பதிப்பில் உருவான கதைமாந்தர் ஒருவரைப் புதிய பதிப்புக்குள் குடியேற்றும் வேலையும் அதனால் பிறந்தது.

வீரனைக் குடியேற்றுவது எளிது. வாளின் கூர்மை எப்பதிப்பிலும் கூர்மையே. மந்திரவாதியும் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. அவன் கற்ற ஏடுகள் அவனுடையவை. தெய்வத்திடம் வேண்டி ஆற்றல் பெறும் பூசகரிடம்தான் இப்பணி இடறி விழுகின்றது. ஏன் இடறுகின்றது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இக்கேள்வியை எனக்குத் தந்தவர் ஒரு நண்பர். எங்கள் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமை இரவுகளில் நடந்த ஆட்டத்துக்கு நானே நடுவர். நண்பர், 'இல்மேட்டர்' என்னும் தெய்வத்தின் பூசகராக இரண்டாம் பதிப்பின் விதிகளில் பல ஆண்டுகள் ஆடியவர். 2001-ஆம் ஆண்டில் நாங்கள் மூன்றாம் பதிப்புக்கு மாறினோம். இரண்டு இரவுகள் கண்விழித்து அவருடைய பூசகரைப் புதிய கணக்கில் எழுதிக் கொடுத்தேன். தாளை நெடுநேரம் பார்த்திருந்தவர், "கணக்கெல்லாம் சரிதான் அண்ணே. ஆனா இது என்னோட பூசாரி இல்லையே" என்றார். எனக்கு அப்போது சினமே வந்தது. இன்றைக்கு எண்ணிப் பார்க்கும்போது, நான் படித்த திறனாய்வுகளில் பலவும் அந்த ஒரு வரிக்கு ஈடாகா என்று தோன்றுகின்றது.

பூசகர் வகுப்பின் பிறப்பைச் சற்றே நோக்குவோம். 'கிளெரிக்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் அவ்வகுப்பு எந்தச் சமய நூலிலிருந்தும் நேரே எழுந்ததன்று. ஆர்னசன் நடத்திய 'பிளாக்மூர்' ஆட்டத்தில் ஒருவர் இரத்தக்காட்டேரியாக ஆடி யாருக்கும் அடங்காமல் வளர்ந்துவிட்டாராம். அவரை அடக்குவதற்கு ஒருவர் தேவைப்பட்டார். இங்கிலாந்தின் 'ஹேமர்' நிறுவனத்துத் திகில் படங்களில் சிலுவையேந்திக் காட்டேரியைத் துரத்தும் வான் ஹெல்சிங், அந்தப் புதிய வகுப்புக்கு முன்மாதிரியானார். செத்தும் சாகாத பேய்களைத் துரத்தும் ஆற்றல் பூசகருக்கு வந்த வழி இதுவே. இவ்விதைமீது விவிலியத்தின் மழையும் பெய்தது: கோலைப் பாம்பாக்குதல், பூச்சிக்கூட்டத்தை ஏவுதல், உணவு படைத்தல், இறந்தோரை எழுப்புதல் ஆகிய மந்திரங்கள் தொடக்கக்கால நூலிலேயே இடம்பெற்றன. கூரிய ஆயுதம் ஏந்தலாகாது, தண்டாயுதமே ஏந்தலாம் என்னும் விதியும் சேர்ந்தது. காட்டேரிப்படமும் மோசேயின் கோலும் ஒரே உடலில்! இத்தகைய கலவை உயிரோடு எழுந்து நடந்ததே வியப்பு.

நடக்கவைத்தது எது? அதற்கு விடை 1979-இல் கைகாக்ஸ் எழுதி வெளிவந்த நடுவர் கைந்நூலில் இருக்கின்றது. பூசகர் தம் மந்திரங்களை எங்கிருந்து பெறுகின்றார் என்பதை அந்நூல் மூன்று படிகளாக வகுக்கின்றது. முதல் இரண்டு நிலை மந்திரங்கள் அவருடைய பயிற்சியாலும் வழிபாட்டாலும் கைவருபவை. மூன்று முதல் ஐந்து வரையிலானவற்றைத் தெய்வத்தின் ஏவலர்கள் கொண்டுவந்து தருகின்றனர். ஆறும் ஏழும் தெய்வமே நேரில் அருள்பவை. ஒவ்வொரு நாளும் வேண்டிப் பெறவேண்டிய இம்மந்திரங்கள், பூசகர் நெறி பிறழ்ந்தால் மறுக்கப்படலாம். தவறு சுட்டிக்காட்டப்படும்; கழுவாய் விதிக்கப்படும்; அதை நிறைவேற்றும்வரை அருள் வாயில் அடைபட்டே இருக்கும். அதாவது, பூசகரின் மந்திரம் உடைமையன்று, இரவல். கொடுப்பவர் ஒருவர் உண்டு. 'இல்லை' என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. மந்திரவாதிக்கும் பூசகருக்கும் உள்ள வேறுபாடு இந்த 'இல்லை'யில்தான் அடங்கியிருக்கின்றது என்பது என் துணிபு.

இதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கொண்டுபோகலாம். பெரும்பாலோர் அதைத்தான் செய்கின்றனர். நானும் அதைத்தான் செய்தேன். இரண்டாம் பதிப்பில் பூசகரின் மந்திரங்களுக்கு ஏழு நிலைகள், மூன்றாம் பதிப்பில் சுழியத்தையும் சேர்த்து ஒன்பதுவரை. ஆகவே வேறுலக வாயிலைத் திறக்கும் மந்திரம் ஏழாம் நிலையிலிருந்து ஒன்பதாம் நிலைக்கு ஏறிவிட்டது. சிறுகாயம் ஆற்றும் மந்திரம் முன்பு எட்டுமுகப் பகடை ஒன்றை உருட்டித் தந்ததோடு சரி. மூன்றாம் பதிப்பில் பூசகரின் நிலைக்கேற்ப ஐந்துவரை கூட்டிக்கொள்ளலாம். 2024-இன் நூலில் இரண்டு பகடைகள், அவற்றோடு ஞானத்துக்குரிய கூட்டெண். இவற்றையெல்லாம் அட்டவணையில் எதிரெதிரே எழுதிவிடலாம். எழுதி முடித்தபின் நண்பர் சொன்னது போன்ற ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டும்.

தெய்வத்தையே அட்டவணைக்குள் அடைத்த வழக்கமும் இவ்வாட்டத்துக்குப் புதிதன்று. 1980-இல் வெளிவந்த 'டெய்ட்டீஸ் அண்டு டெமிகாட்ஸ்' என்னும் நூலில் கிரேக்க, நார்வீசியத் தெய்வங்களோடு இந்தியத் தெய்வங்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. இந்திரனுக்கும் அக்கினிக்கும் காளிக்கும் யமனுக்கும் உயிர்ப்புள்ளிகளும் கவச எண்ணும் குறிக்கப்பட்டன. அதை முதன்முதலில் புரட்டியபோது எனக்குச் சிரிப்பும் கூச்சமும் ஒருங்கே வந்தன. புண்பட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆயினும், எண் கொடுக்கப்பட்ட தெய்வத்தை வெல்லலாமே ஒழிய, அதனிடம் வேண்டுதல் கடினம். ஆட்டத்தை ஆக்கியோர்க்கு இது தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

1989-இல் டேவிட் குக் தலைமையில் உருவான இரண்டாம் பதிப்பு, பூசகர் வரலாற்றின் பொற்காலம் என்பேன். மந்திரங்கள் 16 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டன: விலங்கு, பயிர், போர், குணப்படுத்தல், கதிரவன், வானிலை என்றிவ்வாறு. எந்தத் தெய்வத்தை வழிபடுகின்றாரோ அதற்குரிய வட்டங்களே ஒரு பூசகருக்குத் திறக்கும். சிலவற்றில் முழு உரிமை; சிலவற்றில் மூன்றாம் நிலைவரை மட்டும். புதிய தெய்வத்துக்குரிய பூசகரை உருவாக்க விரும்பும் நடுவர் எண்ணவேண்டியவை எவை என்றும் அந்நூல் கூறியது: தகுதி, ஏந்தத்தக்க ஆயுதம், மந்திர வட்டங்கள், தெய்வம் அருளும் தனியாற்றல், வாழ்வு நெறி. இவ்வைந்தில் இறுதியானது எண் அன்று என்பதைக் கருதுக. கடலின் பூசகரும் அடுப்படித் தெய்வத்தின் பூசகரும் உண்மையிலேயே வெவ்வேறு மனிதராயினர். 1996-இல் வந்த 'ஃபெயித்ஸ் அண்டு அவதார்ஸ்' என்னும் தொகுப்பு இதனை உச்சிக்குக் கொண்டுசென்றது. 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்னும் கற்பனை உலகின் தெய்வங்களுக்கு வழிபாட்டு முறை, திருநாள், உடை, விலக்கு என அது விரித்துரைப்பதைப் படித்தால், ஆட்ட நூல் என்பதே மறந்துபோகும்.

இப்பொற்காலத்துக்கும் குறையுண்டு. வட்டங்களின் எல்லைகள் சீரானவையல்ல. போரைத் தவிர வேறறியாத தெய்வத்தின் பூசகருக்குக் காயம் ஆற்ற வழியில்லாமல் போகும். அவரை நம்பிச் சென்ற தோழர்கள் குகையில் மடிவர். ஆற்றல்மிக்க பூசகரும் அரைகுறைப் பூசகரும் ஒரே மேசையில் அமர நேர்ந்தது. மூன்றாம் பதிப்பை ஆக்கியோர் இதைக் கண்டே மாற்றினர் எனில் அவர்கள்மீது குற்றமில்லை.

ஜானதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகியோர் ஆக்கிய மூன்றாம் பதிப்பு 2000-ஆம் ஆண்டில் வந்தது. 16 வட்டங்கள் மறைந்தன. எல்லாப் பூசகர்க்கும் ஒரே மந்திரப் பட்டியல். அதன்மேல் 'டொமைன்' எனப்படும் அருட்களங்கள் இரண்டினை அவர் தேர்ந்துகொள்வார். களம் ஒவ்வொன்றும் ஒரு தனியாற்றலும், நிலைக்கொரு மந்திரமும் தரும். ஆயத்தமாக வைத்திருக்கும் வேறு மந்திரத்தை விட்டுக்கொடுத்து அவ்விடத்திலேயே காயம் ஆற்றும் வசதியும் நல்ல பூசகர்க்குக் கிடைத்தது. மிகவும் பயனுள்ள மாற்றம். 'நான் மருத்துவப் பெட்டியாக மட்டும் இருக்கமாட்டேன்' என்று முணுமுணுத்தோர் மகிழ்ந்தனர். ஆனால் அதே நூல், குறிப்பிட்ட தெய்வம் எதையும் சாராத பூசகரும் இரண்டு களங்களைத் தேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வரி எழுதிவிட்டது. கொடுப்பவர் இல்லாத கொடை! ஒரு வரிதான். அவ்வரியில் 'இல்லை' என்று சொல்லவேண்டியவரே மேடையை விட்டு இறங்கிப்போனார்.

இனி இல்மேட்டருக்கு வருவோம். பிறர் துன்பத்தைத் தான் ஏற்றுச் சுமக்கும் தெய்வம் அது. சிவப்புக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டுண்ட இரு கைகள் அதன் சின்னம். அதே உலகில் 'லோவியாட்டர்' என்றொரு பெண் தெய்வமும் உண்டு. பெயர் பின்லாந்தின் தொன்மத்திலிருந்து வந்தது; வேலை, பிறருக்குத் துன்பம் விளைத்தல். இவ்விரு தெய்வங்களும் நேர் எதிரிகள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 2001-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பின் உலக நூலில் 'துன்பம்' என்னும் பெயரில் ஓர் அருட்களம் வகுக்கப்பட்டது. அதற்குரிய தெய்வங்களின் பட்டியலில் இல்மேட்டரும் இருக்கின்றார், லோவியாட்டரும் இருக்கின்றார். அக்களம் தரும் தனியாற்றல் யாது? எதிரியைத் தொட்டு வலியூட்டி, அவனுடைய வலிமையையும் விரைவையும் குறைப்பது. சாபமிடலும் தீங்கிழைத்தலும் அதன் மந்திரங்களுள் அடங்கும்.

துன்பம் என்ற ஒரே சொல்லைப் பற்றிக்கொண்டு, சுமப்பவரையும் சுமத்துபவரையும் ஒரே கூடையில் போட்டுவிட்டனர். அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவன் செய்யும் பிழை இதுவே. சொல் பொருந்துகின்றது, பொருள் தலைகீழாக நிற்கின்றது. இல்மேட்டரின் பூசகர் இக்களத்தைத் தேர்ந்தேயாகவேண்டும் என்ற கட்டாயமில்லை. நன்மை, குணப்படுத்தல், ஒழுங்கு, வலிமை ஆகிய வேறு நான்கும் அவருக்குத் திறந்திருந்தன. உண்மைதான். ஆனால் அவரை மற்ற எல்லாரிடமிருந்தும் வேறுபடுத்திக் காட்டவேண்டிய களம் எதுவோ அதுவே அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. நான் என் நண்பரின் தாளில் எழுதிக்கொடுத்ததும் அந்தக் களத்தைத்தான். தெய்வத்தின் பெயருக்கு நேரே அச்சிட்டிருந்தது, எழுதிவிட்டேன். துன்புறுவோர் தலையைத் தம் மடியில் தாங்கிய பூசகர், தொட்டால் வலி தருபவராக மறுநாள் விழித்தெழுந்தார். "இது என்னோட பூசாரி இல்லையே" என்று சொல்லாமல் அவர் வேறென்ன சொல்வார்?

2014-இன் ஐந்தாம் பதிப்பு இக்குழப்பத்தை ஓரளவு நீக்கியது. அதன் பட்டியலில் இல்மேட்டருக்கு உயிர்க்களம், லோவியாட்டருக்கு மரணக்களம். ஒரு வரித் திருத்தம்தான். 13 ஆண்டுகள் ஆயின.

ட்ரூயிட் எனப்படும் காட்டுப்பூசகரின் நிலை வேறு. 1978-இன் நூலில் அவர் பூசகரின் உட்பிரிவு. பன்னிரண்டாம் நிலையில் உலகில் ஒன்பதின்மர், பதின்மூன்றில் மூவர், பதினான்கில் ஒருவர். மேலே ஏறவேண்டுமாயின் அங்கிருப்பவரை எதிர்த்து வெல்லவேண்டும். நிலை என்பது வெறும் எண்ணாக இராமல் பதவியாகவும் இருந்தது. மூன்றாம் பதிப்பு இக்கட்டைத் தளர்த்திவிட்டது. 2008-இன் நான்காம் பதிப்பு தெய்வ ஆற்றல், ஆதி ஆற்றல் என இரண்டைப் பிரித்து, அடுத்த ஆண்டு வந்த நூலில் ட்ரூயிடை இரண்டாவதில் சேர்த்தது. இப்பிரிவினை எனக்கு உடன்பாடானதே. காட்டுக்குக் கோவில் எதற்கு?

நான்காம் பதிப்பைப் பொதுவாகப் பழிப்போர் பலர். பூசகரின் செயல்கள் எப்போதும் செய்யத்தக்கவை, மோதலுக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை என வகுக்கப்பட்டு, வீரனின் செயல்களும் அவ்வாறே வகுக்கப்பட்டதால், வேண்டுதலுக்கும் வாள்வீச்சுக்கும் தாளில் வேற்றுமை தெரியவில்லை. எங்கள் மேசையில் அது நான்கு மாதங்களே நீடித்தது. ஆயினும் நான் அறிந்த மிகச் சிறந்த தழுவல் ஒன்று அப்பதிப்பிலேயே நிகழ்ந்தது. 'டார்க் சன்' என்னும் பாலை உலகு 1991-இல் இரண்டாம் பதிப்புக்காக உருவானது. தெய்வங்களே இல்லாத உலகம் அது. ஐம்பூதங்களை ஒத்த இயற்கைக் கூறுகளை வழிபடும் பூசகர்கள் ஒருபுறம். கொடுங்கோல் மந்திர அரசர்களிடமிருந்து ஆற்றல் பெறும் 'டெம்ப்ளர்'கள் மறுபுறம். 2010-இல் இவ்வுலகை நான்காம் பதிப்புக்குக் கொண்டுவந்தோர் தெய்வ ஆற்றல் சார்ந்த வகுப்புகளை அங்கிருந்து விலக்கினர். டெம்ப்ளரைப் பூசகர் வகுப்பில் வைக்காமல், ஒப்பந்தத்தால் ஆற்றல் பெறும் 'வார்லாக்' வகுப்பில் வைத்தனர். பெயரைப் பார்க்கவில்லை, கொடுப்பவன் யார், என்ன விலைக்குக் கொடுக்கின்றான் என்று பார்த்தனர். வகுப்பு மாறியது; உறவு மாறவில்லை.

பதிப்பு மாற்றத்தையே தெய்வச் செயலாக்கிய முயற்சியும் நடந்தது. 1989-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகில் தெய்வங்களெல்லாம் மண்ணுலகுக்குத் தள்ளப்பட்டதாகக் கதை புனைந்தனர். அக்காலத்தில் தம் தெய்வத்துக்கு ஒரு மைல் தொலைவுக்குள் இருந்தாலன்றிப் பூசகரின் மந்திரம் பலிக்காது. வணிகத் தேவைக்குக் கட்டிய கதையென்று இகழலாம். இருந்தும், விதி மாறும்போது பூசகர் வெறுங்கையோடு நிற்பார் என்பதை அக்கதை உணர்ந்திருந்தது. அதற்கு முன்னரே, 1984-இன் 'டிராகன்லான்ஸ்' உலகில், தெய்வங்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக விலகியிருக்க, கோல்ட்மூன் என்னும் பெண்வழி அருள் மீண்டதைக் காட்டினர். தெய்வங்களின் மௌனமே அக்கதையின் முதுகெலும்பு.

அந்த மௌனம் விதிநூலில் கடைசியாகக் குடியிருந்த இடம் ஐந்தாம் பதிப்பு. பத்தாம் நிலையை எட்டிய பூசகர் தெய்வத்தை நேரே அழைக்கலாம்; நூறுக்குள் பகடை உருட்டி, தம் நிலைக்குச் சமமாகவோ குறைவாகவோ விழுந்தால் தெய்வம் வரும். பத்தாம் நிலையில் நூற்றுக்குப் பத்து முறையே வாய்ப்பு. வந்தால் என்ன செய்யும் என்பது நடுவர் கையில். 2024-இல் திருத்தி வெளியிட்ட நூலில் பகடை இல்லை. ஐந்தாம் நிலைவரையிலான பூசகர் மந்திரம் ஒன்றைச் செலவின்றி ஏவிக்கொள்ளலாம். நீண்ட ஓய்வுக்குப்பின் மீண்டும் ஏவலாம். தெய்வம் வருவது உறுதி. உறுதியாக வருபவரை நாம் வேறு பெயரிட்டு அழைப்போம்.

மறுப்புரைப்போர் கூற்றையும் கேட்கவேண்டும். 'நடுவரின் மனம்போன போக்குக்குப் பெயர்தான் தெய்வ சித்தமா? வீரனின் வாளை யாரும் பறிப்பதில்லை. பூசகரின் மந்திரத்தை மட்டும் பறிப்பது எந்த நியாயம்?' என்பர். இதற்கு என்னிடம் எளிய விடையில்லை. ஏனெனில் நானே அவ்வாறு பறித்திருக்கின்றேன். ஒருமுறை நண்பரின் பூசகர், நான் திட்டமிட்ட போரைத் தவிர்த்துப் பகைவனிடம் சமாதானம் பேசினார். என் கதை கெட்டுப்போன எரிச்சலில் அன்றிரவு அவருடைய மந்திரங்களை மறுத்தேன். இல்மேட்டர் அதற்காக மகிழ்ந்திருக்கவேண்டும்; மறுத்தது நான். பழைய விதி அந்த வாளை என் கையில் கொடுத்திருந்தது. புதிய பதிப்புகள் அதைப் பிடுங்கிக்கொண்டது நேர்மையற்ற நடுவர்களிடமிருந்து ஆட்டக்காரரைக் காப்பதற்கே என்று ஒருவர் வாதிட்டால், நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் மறுக்கும் உரிமையை ஒழிப்பது வேறு, அதற்கு நெறி வகுப்பது வேறு. இரண்டாம் பதிப்பின் ஐந்தாவது தலைப்பு அதற்குத்தான் இருந்தது. 'வாழ்வு நெறி' முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால், மறுப்பு யாருடையது என்பதில் ஐயம் எழாது. ஐந்தாம் பதிப்புக்கு நாங்கள் மாறியபோது மூன்றாம் முறையாக அப்பூசகரைக் குடியேற்றினேன். இம்முறை எண்கள் அரை மணி நேரத்தில் முடிந்தன: உயிர்க்களம், பதினோராம் நிலை, மற்றவை நூலில் உள்ளபடி. பின்னர்த் தாளைத் திருப்பி, அந்த ஐந்து தலைப்புகளையும் எழுதி நண்பரிடம் கொடுத்தேன். நான்கை வெறுமையாக விட்டுவிட்டார். கடைசித் தலைப்பின்கீழ் மூன்று வரிகள் எழுதினார். வலி தரும் செயலைச் செய்வதில்லை. உதவி கேட்டவனை விட்டு முதலில் வெளியேறுவதில்லை. இவ்விரண்டில் ஒன்று தவறினால் மறுநாள் மந்திரம் வேண்டுவதில்லை. மூன்றாம் வரியைக் கண்டு நான் அயர்ந்தேன். மறுக்கும் உரிமையை என்னிடமிருந்து வாங்கித் தம் பூசகரிடமே கொடுத்துவிட்டார்.

சில மாதங்களுக்குப்பின் ஓரிரவு, இடிந்து விழும் சுரங்கத்தில் மூவர் சிக்கியிருக்க, பூசகர் தெய்வத்தை அழைத்தார். பதினொன்றோ அதற்குக் குறைவாகவோ விழவேண்டும். எழுபத்தாறு விழுந்தது. மேசையில் யாரும் பேசவில்லை. நண்பர் பகடையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "சரி, கையாலேயே தோண்டுறேன்" என்றார்.